இல்லாத டாங்கியை இழுத்த லாரி

ஓய்வு பெற்றவன் என்றதும் வழுக்கைத் தலையையும் பொய்ப்பல்லையும் தேடாதீர்கள். மீசை ஒழுங்காக முளைக்கும் முன்பே பட்டாளத்தில் சேர்ந்து, ஒப்பந்தக் காலம் முடிந்ததும் வெளியே வந்தவன் நான். எனக்கு இன்னும் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று பெண் வீட்டார் கேட்டால், "ரிட்டாயர் ஆயிட்டாருங்க" என்கிறார் என் அம்மா. அதோடு அவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.

இப்போது மலாக்கா பக்கம் பாயா ரும்புட்டில் அக்கா வீட்டில் இருக்கிறேன். அக்கா மகன் குமரேசனும் அவன் கூட்டாளிகளும் சனிக்கிழமையானால் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு ஒரு விளையாட்டு விளையாடுகிறார்கள். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவன் கதை சொல்கிறான். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு பேசுகிறார்கள். ஒருவன் டாக்டர், ஒருவன் உளவாளி. சண்டை வந்தால் பகடை உருட்டிப் பார்ப்பார்கள். போன வாரக் கதையில் பழுதான டாங்கி ஒன்றை எதிரி ஊர் வழியாகக் கொண்டுபோக வேண்டியிருந்தது. குமரேசன் என்னிடம் ஓடி வந்தான்.

"மாமா, டேங்க் ஏத்துற லாரி எவ்ளோ ஸ்பீட் போகும்? எத்தன டன் இழுக்கும்?"

"மாடு மாதிரி போகும்டா. புல்லக் கண்டா நிக்கும்."

"ஐயோ மாமா, ஒரு தடவையாச்சும் சீரியஸா பேசுங்க லா."

அந்த ஒரு தடவை ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. மெர்லிமாவிலிருந்து உம்பாய் போகும் சாலையில் நடந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

மெர்லிமாவ் பக்கத்தில், எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் தோட்டம் ஒன்றில் பிறந்தவன் நான். மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடமும் நானும் சமாதானமாகப் பிரிந்துகொண்டோம். பட்டாளத்தில் என்னை ஓட வைத்தார்கள், தவழ வைத்தார்கள், புல் வெட்ட வைத்தார்கள். பிறகு லாரி ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். பயிற்சியைப் பற்றி அவ்வளவு போதும். எல்லாப் பட்டாளத்துக்காரனும் அதே கதையைத்தான் சொல்வான், கொஞ்சம் கூடுதல் மழையோடு.

கடைசியில் என்னைப் போட்ட இடம், டாங்கி ஏற்றும் லாரிப் பிரிவு. முன்னால் இழுக்கும் வண்டியைத் 'தலை' என்போம். அதன் படியில் கால் வைக்கவே எனக்கு ஒரு கை உதவி வேண்டும். பின்னால் தரையோடு தரையாக நீண்ட இழுவை. அதன் அடியில் வரிசை வரிசையாகச் சக்கரங்கள். வால் பக்கம் இரண்டு இரும்புச் சாய்தளங்கள். அவற்றை இறக்கிவிட்டால் டாங்கி அதில் ஏறி வந்து உட்காரும். டாங்கி தானே ஓடக்கூடியதுதான். ஆனால் நெடுந்தூரம் ஓடினால் அதன் சங்கிலிக்கால் தேயும், சாலையும் நாசமாகும். அதனால் சண்டைக்குப் போகும் வரை டாங்கி ராஜா, நாங்கள் பல்லக்குத் தூக்கிகள்.

என் மேலதிகாரி ஸ்டாஃப் யூசோஃப். ஸ்டாஃப் சார்ஜன்ட் என்பதைச் சுருக்கி எல்லோரும் ஸ்டாஃப் என்றே கூப்பிடுவோம். ஜாசின் பக்கத்துக் கம்பத்து மனிதர், கிராமத்துக்காரர். அவர் கத்தி யாரும் கேட்டதில்லை, சிரித்தும் பார்த்ததில்லை. அவருக்குத் தெரிந்த பெரிய திட்டு 'பெலான்-பெலான்'. மெதுவாக என்று அர்த்தம். அதை அவர் சொல்லும் விதத்தில் நமக்குக் காது சிவந்துவிடும்.

டாங்கியை ஏற்றிச் சங்கிலி போட்டு இறுக்கிய பிறகு, ஒரு சின்னச் சுத்தியோடு லாரியைச் சுற்றி வருவார். ஒவ்வொரு சங்கிலியையும் ஒரு தட்டு. 'டிங்' என்றால் அடுத்ததற்குப் போவார். 'டொக்' என்றால் பேசாமல் நின்று நம்மையே பார்ப்பார். அவிழ்த்து மறுபடி இறுக்குகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருப்பார். பாலம் வந்தால் நூறடிக்கு முன்னால் லாரியை நிறுத்தி, இறங்கி, நடந்து போய், அடியில் குனிந்து பார்த்துவிட்டு வரவேண்டும். நேற்று அதே பாலத்தில் போயிருந்தாலும் சரி. "நேத்து பாத்தது நேத்துப் பாலம்" என்பார் மலாயில்.

வேறு ஒருவன் லாரி ஓட்டும்போது ஸ்டாஃப் இடது இருக்கையில் உட்காருவார். அப்போது அவர் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே வரும், அங்கே ஒரு பிரேக் இருப்பது போல. எத்தனை மணி நேரப் பயணமானாலும் கண் மூடமாட்டார். தெர்மாஸில் தேத்தண்ணீர் இருக்கும், அதையும் தொடமாட்டார். லாரி நின்ற பிறகுதான் குடிப்பார்.

நான் எங்கே இருந்தேன் என்கிறீர்களா? நடுவில். உதவியாள் இருக்கை. சங்கிலி துடைப்பது, சக்கரத்துக்குக் கட்டை வைப்பது, பாலத்துக்கு அடியில் குனிவது எல்லாம் நான். ஸ்டியரிங்கைத் தொட்டது முகாமுக்குள் மட்டும். அந்த ஓட்டுநர் இருக்கை மீது எனக்கு இருந்த ஆசையைச் சொன்னால் பெண் பார்க்கப் போன இடத்தில் கூடத் தவறாக நினைப்பார்கள்.

ஆசைக்கு நடுவில் வந்து நின்றது என் வாய். எங்கள் கேப்டனுக்கு வாத்து நடை. ஒருநாள் சாப்பாட்டுக் கூடத்தில் நான் அந்த நடையை நடந்து காட்ட, கூட்டம் திடீரென்று அமைதியானது. திரும்பினால் கேப்டன், கையில் தட்டோடு. நானும் அவரும் ஒரே கோணத்தில் நின்றோம். மறுவாரம் செய்தி வந்தது. அடுத்த போர்ப் பயிற்சி முடிந்ததும் என்னை ஸ்டோருக்கு மாற்றுகிறார்கள். கம்பளி மடித்து அடுக்கும் வேலை. அதற்குப் பிறகு லாரிப் பக்கமே வர முடியாது.

அந்தப் போர்ப் பயிற்சியும் குமரேசனின் விளையாட்டு மாதிரிதான். நாங்கள் நீலப் படை, எதிரே சிவப்புப் படை. யார் செத்தார், யார் பிழைத்தார் என்று சொல்ல, கையில் வெள்ளைத் துணி கட்டிய நடுவர்கள். எங்களுக்குக் கொடுத்த வேலை, மெர்லிமாவ் உள்புறத்துத் தோட்டத்திலிருந்து ஒரு டாங்கியை நண்பகலுக்குள் உம்பாய் கடற்கரைக்குக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் வெற்றி. போவதற்கு ஒரே பெரிய சாலை. அதில் சிவப்புப் படை காத்திருக்கிறது. எங்கள் லாரி என்ன ஊசியா, ஒளித்து வைக்க?

முந்தின நாள் எல்லோரும் வரைபடத்தைச் சுற்றி மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது நான் வழக்கம்போல் வாயை வைத்தேன். "அவங்களுக்கு வேண்டியது லாரிதானே ஸ்டாஃப். லாரிய ரோட்டுல அனுப்புங்க. டேங்க் செம்பனைக்குள்ள நடந்து போகட்டும்." நான் கேலிக்குத்தான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஸ்டாஃப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெறும் லாரி போனால் தெரிந்துவிடுமே என்றார். என் வாய் இன்னும் நிற்கவில்லை. பொய் டாங்கி ஒன்று செய்து ஏற்றுவோம், என் தோட்டத்தில் காவடி கட்டுகிற ஒருவர் இருக்கிறார் என்றேன்.

ஸ்டாஃப் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "கூப்பிடு" என்றார்.

முத்தையா மாமா, எங்கள் தோட்டத்து லய வீட்டு வரிசையில் கடைசி வீட்டுக்காரர். செம்பனை வெட்டுவது தொழில், காவடிக் கூடு கட்டுவது பெருமை. சைக்கிளில் வந்து இறங்கி, நிஜ டாங்கியை இரண்டு சுற்றுச் சுற்றினார். கையால் முழம் போட்டு அளந்தார். பிறகு மூங்கிலும் பிரம்பும் கோணித் துணியும் பச்சைச் சாயமும் கேட்டார். சங்கிலிக்காலுக்கு மெர்லிமாவ் மோட்டார் கடையிலிருந்து கிழிந்த லாரி டியூப்பை நான் வாங்கி வந்தேன். இருட்டுவதற்குள் டாங்கி நின்றது. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் எனக்கே சல்யூட் அடிக்கத் தோன்றியது.

மாமா அதோடு விடவில்லை. கூட்டுக்குள் நாலு பக்கமும் தோள்கட்டை வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டேன்.

"தோள்ல ஏறாத சாமான நான் கட்டுனதே இல்லடா. வா, உள்ள பூரு."

"மாமா, இது டேங்க்."

"எதுவா இருந்தா என்னா? ஆடிப் பாக்காம நான் எதையும் குடுக்கறதில்ல. ஆடுறப்ப கிரீச்சுன்னு சத்தம் வந்தா கட்டு சரியில்லன்னு அர்த்தம். நாளைக்கு ரோட்டுல ஆடுமா ஆடாதா?"

சொல்வது சரிதானே. மாமா, நான், எங்கள் காவல் ஆட்கள் ஹாஃபிஸ், லிம், நாலு பேரும் உள்ளே புகுந்து தூக்கினோம். மாமா வாயால் மேளம் கொட்ட, நீலப் படையின் டாங்கி தோட்டத்து மைதானத்தில் காவடி ஆடியது. ஒரு கட்டு கிரீச் என்றது. மாமா அதை அவிழ்த்துக் கட்டினார். மறுபடி ஆடினோம். சத்தம் இல்லை. ஸ்டாஃப் தூரத்தில் கைகட்டி நின்று முழுவதையும் பார்த்தார். முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நாளைக்கு நீ ஓட்டு என்றார். இந்த லாரியைப் பாரத்தோடு ஓட்ட எனக்குத் தெரியும், பாரம் இல்லாமல் பாரத்தோடு ஓட்டுகிற மாதிரி ஓட்ட எனக்கு வராது, உனக்கு வரும் என்றார். கேப்டன் நடை நடந்தவன் லாரி நடையும் நடப்பாய் என்று அதற்கு அர்த்தம். கடைசியில் ஒரு நிபந்தனை.

"உம்பாய் போய்ச் சேருற வரைக்கும் சிரிக்கக் கூடாது. சிரிக்காம ஓட்டிட்டா கேப்டன்கிட்ட நான் பேசறேன். சிரிச்சா, ஸ்டோர்."

இருக்கைக்கும் எனக்கும் நடுவில் இருந்தது இப்போது ஒரே ஒரு சிரிப்பு.

காலையில் சங்கிலி போட வந்தபோதுதான் முதல் சிக்கல். சங்கிலியை இறுக்கினால் மூங்கில் நொறுங்கும். தளர்வாக விட்டால் எந்தப் பட்டாளத்துக்காரனும் கண்டுபிடிப்பான். ஸ்டாஃப் குனிந்து இழுவையின் வளையங்களைப் பார்த்தார். பிறகு சங்கிலியைப் பொய் டாங்கியின் அடிவழியாக விட்டு, இழுவையின் ஒரு பக்க வளையத்திலிருந்து மறுபக்க வளையத்துக்கு நேராக இறுக்கச் சொன்னார். வெளியே பார்த்தால் டாங்கியைக் கட்டிய மாதிரியே இருந்தது. சுத்தியால் தட்டினார். 'டிங்'.

இழுவையின் டயர்களில் கொஞ்சம் காற்றை இறக்கி வயிறு பிதுங்க வைத்தோம். வெற்று இழுவை ஓடும்போது சாய்தளங்கள் தடதடக்கும், பாரம் இருந்தால் அந்தச் சத்தம் வராது. அதனால் அவற்றின் இடுக்கில் கந்தல் செருகினோம். மேலே மறைப்பு வலையைப் போர்த்தினோம். சாலையில் போகும் டாங்கிக்கு எப்போதும் வலை உண்டு. ஸ்டாஃப் இடது இருக்கையில் ஏறினார், ஹாஃபிஸும் லிம்மும் பின்னால். அதே நேரத்தில் நிஜ டாங்கி செம்பனை வரிசைக்குள் நுழைந்து மறைந்தது.

பிறகு நான் நடிக்க ஆரம்பித்தேன். வெறும் லாரிக்கு ஓடத்தான் ஆசை. அதைப் பிடித்து, தாழ்ந்த கியரில் முனக வைத்து, மேட்டில் மூச்சு வாங்க வைத்து, இறக்கத்தில் பிரேக்கைப் பயந்து பயந்து தொட்டேன். வளைவில் கல்யாண வீட்டுப் பாயசப் பானையைத் தூக்கிப் போகிறவன் மாதிரி திருப்பினேன். மெர்லிமாவ் கடைத்தெருவில் மோட்டார் சைக்கிள் பையன்கள் ஹாரன் அடித்துக்கொண்டே கூட வந்தார்கள். ஒருவன் ஜன்னலுக்கு நேராக வந்து, "அண்ணே, நடந்து போனாகூட முந்திப் போயிருவீங்க லா" என்றான். பதில் ஆறேழு வாயில் வந்தது. ஒவ்வொன்றையும் விழுங்கினேன்.

ஊர் தாண்டியதும் கண்ணாடியில் இரண்டு பட்டாள மோட்டார்கள் தெரிந்தன. சிவப்புப் படை வேவுக்காரர்கள். முன்னால் ஒரு சின்னப் பாலம். நூறடிக்கு முன்னால் நிறுத்தினேன். இறங்கி நடந்தேன். அடியில் குனிந்தேன். திரும்பி வந்து ஊர்ந்து கடந்தேன். அன்று என் இழுவையில் ஒரு பசுவின் பாரம்கூட இல்லை. மோட்டார்களில் ஒன்று எங்களைத் தாண்டி வேகமாக முன்னால் பறந்தது, செய்தி சொல்ல.

உம்பாய்க்குப் பாதி வழியில் சாலையை அடைத்து நின்றார்கள். ஒரு சிவப்புக் கேப்டன், ஒரு கூட்டம் ஆட்கள், வெள்ளைத் துணி கட்டிய மேஜர் ஒருவர் நடுவர். டாங்கி பிடிபட்டது என்றார் சிவப்புக் கேப்டன், பிறந்தநாள் பரிசு பிரிக்கிற குரலில். நடுவர் விதியைச் சொன்னார். பிடித்த டாங்கியை லாரியிலிருந்து இறக்கித் தங்கள் கையில் எடுத்துக்கொண்டால்தான் கணக்கு. இறக்கு என்றார் கேப்டன்.

அந்தக் கூட்டத்தில் அந்தோணி நின்றான். மலாக்கா டவுன்காரன், என்னோடு பயிற்சியில் ஒரே கட்டில் வரிசையில் படுத்தவன், இப்போது சிவப்புப் படை கோப்ரல். பயிற்சியில் நான் அவனைச் சிரிக்க வைத்து வாங்கிக் கொடுத்த தண்டனைகளை அவன் இன்னும் மறக்கவில்லை. மெதுவாக என் பக்கம் வந்தான்.

"என்னா மச்சான், மூஞ்சி செத்த மீன் மாதிரி இருக்கு?"

நான் கட்டைகளை எடுத்தேன்.

"நீ சிரிக்காம நின்னு நான் பாத்ததே இல்ல. என்னமோ இருக்கு லா." அவன் கண் வலைப் பக்கம் போனது.

ஒரு நொடியில் எல்லாம் போய்விடும். பொய் சொன்னால் கண்டுபிடிப்பான், என் பொய்கள் அத்தனையும் அவனுக்குப் பாடம். அதனால் உண்மையைச் சொன்னேன்.

"என்னைய ஸ்டோருக்குப் போடுறானுங்கடா. இன்னிக்குத்தான் கடைசி. இனிமே இந்த லாரிய நான் தொட முடியாது."

சொல்லும்போது குரல் நிஜமாகவே உடைந்தது. அது நடிப்பு இல்லை. அந்தோணி வலையை மறந்தான். என் தோளில் கை வைத்து, "விடு மச்சான், பாத்துக்கலாம்" என்றான். பாவம், சிகரெட் ஒன்றைக் கூட நீட்டினான்.

ஸ்டாஃப் நடுவரிடம் போய் சல்யூட் அடித்து, பாதுகாப்பு முறைப்படி இறக்க அனுமதி கேட்டார். நடுவர் முறைக்குக் கட்டுப்பட்ட மனிதர். கட்டாயம் முறைப்படிதான் என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் ஸ்டாஃப் என்னைப் பார்த்து மெல்லச் சொன்னார், "பெலான்-பெலான்." அன்று மட்டும் அது திட்டாக இல்லை.

இறக்குவது எப்படி என்று கேள் குமரேசா. முதலில் தரை. பாரம் இறங்குகிற இடம் கெட்டியா என்று குதிகாலால் மிதித்துப் பார்த்து நடக்க வேண்டும். நடந்தேன். பிடிக்கவில்லை. லாரியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினேன். மறுபடி நடந்தேன். பிறகு ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை. எங்கள் லாரியில் சக்கரத்துக்குப் பஞ்சமில்லை. கட்டையை வைத்து, காலால் உதைத்து, அடுத்ததற்கு. பிறகு ஆட்களை விலக்குவது. இறுகிய சங்கிலி தெறித்தால் காலை எடுத்துவிடும், அதனால் யாரும் கிட்டே நிற்கக் கூடாது. நடுவரே கையைக் காட்டி எல்லோரையும் பின்னால் தள்ளினார். சிவப்புக் கேப்டனையும்.

பிறகு சாய்தளம். கைச்சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி இறக்க வேண்டும். சுற்றினேன். அதில் சேறு இருந்தால் டாங்கி வழுக்கும். ஆகவே விளக்குமாற்றை எடுத்துப் பெருக்கினேன். மூலை விடாமல். அம்மா பார்த்திருந்தால் அழுதிருப்பார், வீட்டில் ஒருநாளும் இந்தக் கை விளக்குமாறு பிடித்ததில்லை. அப்புறம் சங்கிலி. பின்னால் இடது, முன்னால் வலது என்று குறுக்காகத்தான் தளர்த்த வேண்டும். கழற்றியதை எறியக் கூடாது. கோணியில் துடைத்து, வளையம் வளையமாகச் சுருட்டி, பெட்டியில் வைத்து, அடுத்தது. சிவப்புக் கேப்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். கொஞ்சம் சீக்கிரம் செய்யக் கூடாதா என்று கேட்டார். ஸ்டாஃப் மிகவும் பணிவாக, சீக்கிரம் செய்துதான் போன வருஷம் ஒருவன் விரல் போனது என்றார். அப்படி யாருக்கும் போகவில்லை. ஸ்டாஃப் பொய் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் முறை. என் வயிற்றில் சிரிப்பு உருண்டது. நாக்கைக் கடித்தேன். இரும்புச் சுவை வந்தது.

கடைசிச் சங்கிலி கோணியில் இருந்தபோது நடுவரின் ரேடியோ கரகரத்தது. அவர் காதில் வைத்துக் கேட்டார். மறுபடி சொல் என்றார். பிறகு எங்கள் லாரியைப் பார்த்தார். நீலப் படை டாங்கி உம்பாய் கடற்கரையில் நிற்கிறது, பக்கத்து மீன் கடையில் அதன் ஆட்கள் தேத்தண்ணீர் கேட்டிருக்கிறார்கள் என்றார்.

சிவப்புக் கேப்டன் லாரியைக் காட்டி, "அப்ப இது என்ன?" என்றார்.

ஸ்டாஃப் விறைப்பாக நின்று சொன்னார், "இறக்கச் சொன்னீங்க சார். இன்னும் வேலை முடியல."

எனக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. வலையை உருவினேன். ஹாஃபிஸும் லிம்மும் உள்ளே புகுந்தார்கள். முந்தின நாள் மாமா நின்ற மூலை காலி. அந்தோணியைப் பார்த்தேன். அவன் வாய் பிளந்து நின்றான். "வாடா, தோள் குடு" என்றேன். சிவப்புப் படை கோப்ரல், கொஞ்சம்கூட யோசிக்காமல், ஓடி வந்து புகுந்தான். பயிற்சியில் வாங்கிய தண்டனையெல்லாம் பழகிப்போன உடம்பு.

தூக்கினோம். முத்தையா மாமா வாயால் கொட்டிய அதே மேளத்தை நான் கொட்டினேன். டாங்கி சாய்தளத்தில் இடமும் வலமுமாக ஆடி ஆடி இறங்கியது. பீரங்கிக் குழாய் மேலும் கீழும் தலையாட்டியது. ஒரு கட்டுகூடக் கிரீச் என்று சத்தம் போடவில்லை. பெருக்கி வைத்த சாய்தளத்தில் ஒரு கால்கூட வழுக்கவில்லை. தரைக்கு வந்ததும் சிவப்புக் கேப்டன் முன்னால் ஒரு சுற்றுச் சுற்றி, முறைப்படி அவர் காலடியில் வைத்தோம்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. லாரி பிரேக்கிலிருந்து காற்று போகிற மாதிரி. திரும்பினேன். ஸ்டாஃப் யூசோஃப் இழுவையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டிருந்தார். நடுவர் சிரித்தார். கடைசியில் சிவப்புக் கேப்டனும்.

நான் மட்டும் சிரிக்கவில்லை. நேராகப் போய் ஸ்டாஃப் முன் விறைத்து நின்று சல்யூட் அடித்தேன்.

"ஸ்டாஃப், நாம இன்னும் உம்பாய் போய்ச் சேரல. ஸ்டோருக்கு நீங்கதான் போகணும்."

மத்தியானம் உம்பாய் போய்ச் சேர்ந்ததும் அந்த மீன் கடை வாசலில் நான் சிரித்த சிரிப்பில் கடைக்காரர் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு நிஜ டாங்கியை ஏற்றினோம். நிஜமாகச் சங்கிலி போட்டோம். ஸ்டாஃப் சுத்தியோடு சுற்றி வந்தார். 'டிங்', 'டிங்', 'டிங்'. நான் வலது பக்கக் கதவைத் திறந்து ஏறினேன். யாரும் என்னை இறங்கச் சொல்லவில்லை. ஸ்டாஃப் இடது இருக்கையில் ஏறி, தெர்மாஸை எடுத்து ஒரு கோப்பை ஊற்றிக் குடித்தார். நான் முதல் கியரைப் போட்டேன். இந்த முறை லாரி முனகியதற்கு நான் காரணமில்லை.

மெர்லிமாவ் நெருங்கும்போது அதே பாலம் வந்தது. ஸ்டாஃப் கணக்கில் அது நேற்றுப் பாலமில்லை, காலையில் பார்த்த பாலமும் இல்லை. நூறடிக்கு முன்னால் நிறுத்தி, இறங்கி, நடந்து, குனிந்து பார்த்துவிட்டு வந்து ஏறினேன். சரியாக இருக்கிறது என்று சொல்ல ஸ்டாஃப் பக்கம் திரும்பினேன்.

அவர் வலது கால் தரையை அழுத்தவில்லை. தொப்பி மூக்கு வரை இறங்கியிருந்தது. கண்ணாடி சட்டைப் பையில். வாய் லேசாகத் திறந்து, குறட்டை.

எழுப்பாமல் பாலத்தைக் கடந்தேன்.